மழைச் சீட்டு

எங்கள் மில்லின் தகவல் பாதுகாப்புக் கொள்கையில் ஒன்பதாம் பிரிவின் நான்காம் உட்பிரிவை எந்த ஆடிட்டர் பாராட்டினாலும், தண்ணீர் குடிக்கப் போவதுபோல நான் எழுந்து வெளியே போய்விடுவேன். "இந்த ஊர் விவசாயத்தைப் புரிஞ்சு எழுதியிருக்கீங்க, இப்படி ஒண்ணை நான் வேற எங்கயும் பாக்கல" என்று அதை முதலில் பார்த்தவர் மேனேஜர் முன்னால் எனக்குக் கை கொடுத்தார். நானும் கையை நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது. அந்தப் பிரிவு என் மண்டையில் உதித்ததல்ல. அது ஒரு அக்காவின் மேசை இழுப்பறையில், ஒரு பழைய ஜியாமெட்ரி டப்பாவில் இருந்தது. அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி விட்ட பிறகுதான் நான் அதை எடுத்து எழுதினேன்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றதும் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏசி அறை, இரண்டு சர்வர், கேமரா படங்கள் ஓடும் ஒரு பெரிய திரை, நான். அவ்வளவுதான் பிரிவு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், முதலாளி போனில் பேரன் படம் திறக்கவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மில்லில் எல்லோருக்கும் நான் 'சிஸ்டம் சார்'. டெஸ்பாட்ச் மேசையில் இருந்த அந்த அக்காவுக்கு மட்டும் தம்பி.

அக்கா சின்ன வயதிலேயே நூலைக் கோனாகச் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். பஞ்சு பறக்கும் இடம். வருடக்கணக்காக அந்தத் தூசியை இழுத்து இழுத்து அவருக்கு வீசிங் வந்துவிட்டது. இனிமேல் பஞ்சுக்குள் நிற்கவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்போதிருந்த மேனேஜர் இரக்கப்பட்டு அவரை ஆபீசுக்கு மாற்றினார். வேலையை மாற்றினாரே தவிர, நிரந்தர ஸ்டாஃப் என்ற ஆர்டர் கொடுக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகியும் பதிவேட்டில் அக்கா தற்காலிகம்தான். நான் சொல்லப் போகும் வருடம், தீபாவளிக்குள் ஆர்டர் வந்துவிடும் என்று புது மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் யாரும் தன்னை மறுபடி பஞ்சுக்குள் அனுப்ப முடியாது என்பதுதான் அக்காவின் கணக்கு. சம்பளம் கூடுமா என்றுகூட அவர் கேட்டதில்லை.

இனி மழைச் சீட்டு. ஆபீசில் எங்களில் பலருக்கு நிலம் உண்டு. எல்லாம் வானம் பார்த்த கரிசல். காடு என்றுதான் சொல்வோம். ஐப்பசி மழை விழுந்த அன்றைக்கே கரிசலில் இறங்க முடியாது. கால் வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், நாம் மட்டும் நடந்து போவோம். இரண்டு நாள் பொறுத்தால் பதம் வரும். அந்தப் பதம் இன்னும் இரண்டு நாள் நிற்கும். அதற்குள் உளுந்தோ மக்காச்சோளமோ விதைத்துவிட வேண்டும். விட்டால் அந்த வருடம் விட்டதுதான். ஆகவே மழை பெய்த மூன்றாம் நாள் ஆபீசில் பாதி நாற்காலி காலியாகிவிடும். லீவு லெட்டர் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, மேனேஜர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஆனால் மில்லில் ஓடும் சாஃப்ட்வேருக்கு மழை தெரியாது. நூல் வெளியே போக வேண்டுமென்றால் குடோன்காரர் தன் லாகினில் எடையை ஏற்ற வேண்டும், லேப்காரர் தன் லாகினில் தரம் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கேட் பாஸ் வரும். குடோன்காரர் எட்டயபுரம் பக்கம் டிராக்டருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தால் லாரி கேட்டிலேயே நிற்கும். அதனால் நான் வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. காட்டுக்குக் கிளம்புகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் தன் பாஸ்வேர்டை எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அக்காவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மழை பெய்தால் போவதற்கு அவருக்கு இடமில்லை, அதனால் ஆபீசில் இருப்பார். மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜியாமெட்ரி டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக்கொள்வார். குடோன் வேலை, லேப் வேலை, ஸ்டோர்ஸ் வேலை எல்லாவற்றையும் அவரவர் பெயரில் உள்ளே போய், அந்தந்தப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, ஒரு எண் பிசகாமல் முடித்து வைப்பார். ஆள் திரும்பி வந்ததும் சீட்டை அவர் கையில் கொடுப்பார். "கிழிச்சுப் போடுங்க, எங்கண்ணு முன்னாலயே கிழிங்க" என்பார். அது அவர் வைத்திருந்த விதி.

தை மாதம் அறுவடை முடிந்ததும் சீட்டுக் கொடுத்தவர்கள் எல்லாம் அக்காவுக்கு ஆளுக்கு ஒரு படி உளுந்தோ பாசிப்பயறோ கொண்டுவந்து கொடுப்போம். அதற்கு 'அக்கா பங்கு' என்று பெயர். நிலமில்லாத அந்த அம்மாள் வீட்டில் ஏழெட்டுக் காட்டு உளுந்து இருக்கும். "எனக்குத்தான் ஊர் பூரா வெள்ளாமை" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் நான் கொள்கையோடு வந்து நின்றேன்.

வெளிநாட்டுத் துணிக் கம்பெனி ஒன்று எங்கள் நூலைப் பார்த்தது. நூல் பிடித்திருந்தது. ஆனால் உங்களிடம் தகவல் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா, ஆடிட்டரை அனுப்பிப் பார்ப்போம், சர்டிபிகேட் வந்தால்தான் வாங்குவோம் என்று எழுதியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பத்து நாளைக்குள்ள பாலிசி ரெடியாகணும்" என்றார். எனக்குக் கொள்கை எழுதத் தெரியாது. நெட்டில் தேடினேன். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்காக எழுதப்பட்ட நாற்பது பக்கம் கிடைத்தது. ஆஸ்பத்திரி என்று இருந்த இடத்தில் எல்லாம் மில் என்று மாற்றினேன். டாக்டர் என்று இருந்த இடத்தில் சூப்பர்வைசர் என்று போட்டேன். அப்படியும் இரண்டு இடத்தில் நோயாளி தப்பிவிட்டார். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் விவரத்தை வெளியிட மாட்டோம் என்று எங்கள் நூற்பு மில் உறுதி கொடுத்தது. மேனேஜர் நாற்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒருவரும் படிக்கவில்லை. பிறகு நானே பார்த்துச் சத்தமில்லாமல் நோயாளியை டிஸ்சார்ஜ் செய்தேன்.

சிரிக்கலாம், ஆனால் அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை பேப்பர் சிக்கினால் எடுத்து விடுகிறவனாக இருந்தேன். இப்போது நான் எழுதியதற்கு மேனேஜர் கட்டுப்பட வேண்டும், முதலாளி மகன் கட்டுப்பட வேண்டும். கேன்டீனில் கூட்டம் போட்டேன். திரை கட்டிப் படம் காட்டினேன். "பாஸ்வேர்டுங்கிறது பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. யாருக்கும் குடுக்காதீங்க, யாருட்டயும் வாங்காதீங்க" என்றேன். அதுவும் நெட்டில் எடுத்ததுதான். எல்லோரும் சிரித்தார்கள். மீறினால் கடுமையான நடவடிக்கை என்று கடைசியில் சிவப்பு எழுத்தில் வந்தது. அந்தச் சிவப்பு மட்டும் நானே சேர்த்தது.

கையெழுத்து வாங்க ஆரம்பித்தபோது அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, ஒரு சந்தேகம். மழை பெஞ்சா என்ன செய்ய?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய படம் காட்டியிருக்கிறேன், இந்த அம்மாள் மழையைப் பற்றிக் கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா. மொதல்ல கையெழுத்தப் போடுங்க."

"வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. நான் வாங்குவேன்லா. அதான் கேக்குதேன்."

"இது ஆடிட்டுக்குக் காட்டுறதுக்குக்கா. பேப்பர்ல இருக்கட்டும்."

அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது பக்கத்தையும் ஒரே ஒரு கேள்வியால் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே என்னிடம் பதில் இருந்தது. சாஃப்ட்வேரிலேயே ஒரு வசதி உண்டு. இன்னார் வேலையை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இன்னார் தன் சொந்த லாகினிலேயே பார்க்கலாம் என்று போட்டு வைக்கலாம். தேதி முடிந்ததும் தானாக அடைந்துவிடும். ஒரு ஆளுக்குப் பத்து நிமிட வேலை. மேனேஜரிடம் ஒரு அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எழுதச் சோம்பல்பட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்னால் மழை வந்தது. நல்ல மழை. புதன்கிழமை பிற்பகல் டிராக்டர்காரர் போன் செய்தார். ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. "அண்ணாச்சி, நாளைக்குக் காலையில பதம் வந்துரும். நீங்க வரலன்னா நான் அடுத்த காட்டுக்குப் போயிருவேன், பொறவு என்னயக் கொற சொல்லக்கூடாது" என்றார். நான் அறையை விட்டு எழுந்தேன். என் கொள்கை மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு சீட்டைக் கிழித்து அட்மின் பாஸ்வேர்டை எழுதினேன். மில்லின் எல்லாக் கதவையும் திறக்கும் பாஸ்வேர்ட் அது. சம்பளம், நூல், கேமரா, கேட் எதையும் அதை வைத்து மாற்றலாம். எழுதி எடுத்துக்கொண்டு நேராக அக்காவின் மேசைக்குப் போனேன்.

அக்கா சீட்டைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது பெரிய சாவியில்லா?"

"ஆமாக்கா. கரண்ட் போய் சர்வர் நின்னுட்டுன்னா யாராவது தட்டி எழுப்பணும். உங்களவிட்டா ஆளில்ல."

"அப்ப இத அந்தச் சீட்டுகளோட போட மாட்டேன். தனியா வச்சுக்கிடுதேன்" என்றார். மடித்து, வீசிங் வந்தால் வாயில் வைத்து இழுக்கிற பம்பு இருக்கும் அட்டைப் பெட்டியில் வைத்தார். அந்தப் பெட்டியை அவர் எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போவார்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் முழங்கால்வரை கரிசலோடு வரப்பில் நிற்கும்போது அவர் போன் வந்தது. கரண்ட் போய் வந்ததில் எல்லாத் திரையும் உறைந்துவிட்டது, கேட்டில் மூன்று லாரி. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வந்துட்டு தம்பி. நீங்க வெதைப்பப் பாருங்க" என்று வைத்துவிட்டார். நான் விதைப்பைப் பார்த்தேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தேன். திங்கட்கிழமை ஆடிட். வயர்களைக் கட்டி, சர்வரைத் துடைத்து, கொள்கையைச் சட்டம் போட்டு மாட்டி என்று ஒரே ஓட்டம். என் சீட்டைத் திரும்ப வாங்க மறந்தேன். மழை தள்ளி விழுந்த ஊர்க்காரர்கள் நான்கு பேர் இன்னும் காட்டிலிருந்து வரவில்லை.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். மரியாதையாகப் பேசினார். என் சர்வர் அறையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, "உங்க பாலிசியில மேசைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கே, அதையும் பாத்துரலாமா?" என்று கேட்டார். அப்படி ஒரு சோதனை என் கொள்கையில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நேராக ஆபீசுக்குப் போய் முதல் மேசையில் நின்றார். அது டெஸ்பாட்ச் மேசை. இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னார். அக்கா திறந்தார். ஜியாமெட்ரி டப்பாவுக்குள் காம்பஸ், பாகைமானி, நான்கு சீட்டு. மேசைமேல் பம்புப் பெட்டி இருந்தது. மருந்து என்று ஆடிட்டர் அதைத் தொடவில்லை.

"இது என்னம்மா?"

"மழைச் சீட்டு மேடம்" என்றார் அக்கா, மறைக்க ஒன்றுமில்லாதவர் குரலில். "மழை பெஞ்சிருக்குல்லா, இவிய எல்லாம் காட்டுக்குப் போயிருக்காவ. வந்ததும் அவியட்டயே குடுத்துருவேன்."

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "இந்த நடைமுறை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு ஆளை வேறொரு ஆள் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் டப்பாவிலிருந்த காம்பஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மேனேஜர் அறையில் விசாரணை. ஆடிட்டர் பெரிய குறை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று ஒரு வாரத்தில் எழுதி அனுப்ப வேண்டும். மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் என்னிடம், "அட்மின் பாஸ்வேர்டும் இந்தம்மாட்ட போயிருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்.

"சிஸ்டம் சார் சீட்டு எங்கிட்ட இல்ல சார்."

அவர் வாயில் நான் சார் ஆனது அப்போதுதான். அவர் கையில் பம்புப் பெட்டி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், சர்டிபிகேட் ஒரு மாதம் தள்ளிப் போகும், கேன்டீனில் நாலு பேர் சிரிப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. சர்வரைத் தெரிந்தவன் என்னைவிட்டால் மில்லில் வேறு யாரும் இல்லை, என்னை அனுப்பவும் முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சம்பவ அறிக்கையை எழுதியதும் நான்தான், ஏனென்றால் சம்பவ அறிக்கையைக் கம்ப்யூட்டர் பிரிவு எழுத வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. சம்பந்தப்பட்டவர் என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை அடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் பயனரின் கவனக்குறைவு என்று அடித்தேன். பல வருடமாக ஒரு எண் பிசகாதவரின் கவனக்குறைவு. நடவடிக்கை என்ற கட்டத்துக்கு மேனேஜர் சொல்லச் சொல்ல, ஆபீஸ் பணியிலிருந்து மாற்றம் என்று அடித்தேன். சீட்டுக் கொடுத்த நான்கு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான். அவர்கள் நிரந்தர ஸ்டாஃப். அவர்களை மாற்றினால் ஆபீஸ் ஓடாது என்றார் மேனேஜர்.

"கோன் செக்சன்லதான் ஆள் கொறையுது, அங்கன போகட்டும்" என்றார். "அவிய நெஞ்சுக்கு ஆகாது சார்" என்று நான் முனகினேன். "அப்ப வேற என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் கோன் பிரிவு என்று அடித்தேன். அதோடு அக்காவின் ஸ்டாஃப் ஆர்டரும் போச்சு.

என் அறைத் திரையில் பதினாறு கட்டங்களில் பதினாறு கேமரா ஓடும். ஏழாவது கட்டம் கோன் பிரிவு. அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கட்டத்தில் அக்கா வந்தார். மூக்கில் துண்டு கட்டியிருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூணருகே போய், துண்டை இறக்கி, பம்பை வாயில் வைப்பார். பிறகு ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பார். கேமராவுக்குச் சத்தம் கிடையாது. ஆனால் அந்தத் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே எனக்குச் சத்தம் கேட்டது. மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் ஏழாவது கேமராவைத் திரையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். பொத்தானை அமுக்கினால்தான் வரும். நான் அமுக்கவில்லை. என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் எது ரொம்பக் கேவலம் என்று யாராவது கேட்டால், 'தெரியாது மேடம்' என்று சொன்னதை நான் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். அது பயத்தில் வாய் தவறிச் சொன்னது. இது நிதானமாக உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே செய்தது.

மார்கழியில் அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார். சர்டிபிகேட் வந்தது. முதலாளி எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒரு பெட்டியாகக் கொடுத்தார்.

அந்தத் தையில் உளுந்து நல்ல விளைச்சல். வீட்டில் மூட்டையைப் பிரிக்கும்போது என் மனைவி, "டெஸ்பாட்ச் அக்காவுக்கு எடுத்து வைக்கலையா?" என்று கேட்டாள்.

"அவிய வேலைய விட்டுப் போயிட்டாவ."

"போனா என்ன? அவியளுக்கு வீடு வாசல் இல்லையாக்கும்?"

நான் மூட்டையைக் கட்டினேன். அந்த வருடம் அக்கா பங்கு போகவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்கள் யாரும் சீட்டு எழுதத் தயாராக இல்லை. எழுதினாலும் நம்பிக் கொடுக்க ஆளில்லை. ஆனால் காட்டுக்குப் போகாமலும் இருக்கவில்லை. இரண்டு நாள் லாரிகள் கேட்டில் நின்றன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மழை பெஞ்சா என்ன செய்யுறது, அதுக்கு ஒரு வழி பண்ணுங்கய்யா" என்று கத்தினார். அதே கேள்வி. அவர் கேட்டதும் ஒரே நாளில் எழுதினேன். ஒன்பது புள்ளி நான்கு: பருவகால விடுப்பின்போது பொறுப்பு மாற்றம். யார் இல்லையோ அவர் வேலையை யார் பார்ப்பது, எந்தத் தேதிவரை, திரும்பியதும் எப்படி அடைப்பது. திரும்பியவர் கண் முன்னாலேயே அடைக்க வேண்டும் என்றுகூட எழுதினேன். அது யார் விதி என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. அதற்குத்தான் அந்த வருடம் வந்த ஆடிட்டர் கை கொடுத்தார்.

அந்தக் கை என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் தை வந்து மூட்டையைப் பிரித்தபோது என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் தாங்கவில்லை. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து இரண்டு படி உளுந்தைப் பையில் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்தேன். அக்கா புதியம்புத்தூரில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார், ரெடிமேட் தைக்கும் இடத்தில் பிசிறு நூல் வெட்டுகிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

"வாங்க சார்" என்றார். நாற்காலி போட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார். மூச்சு பரவாயில்லை, தூசி இங்கேயும் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றார். மகள் காலேஜ் போகிறாள் என்றார். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வழியெல்லாம் மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பையை மட்டும் நீட்டினேன்.

"உளுந்துக்கா. அக்கா பங்கு."

அவர் கையை நீட்டவில்லை. "எதுக்கு சார்? நான் உங்களுக்கு ஒண்ணும் பாக்கலையே. சீட்டு வச்சிருந்தா வாங்கலாம். சும்மா எப்பிடி வாங்க?"

பை கையிலேயே இருந்தது. அவரே ஏதோ நினைவு வந்தவராக, "இருங்க" என்று உள்ளே போனார். பம்புப் பெட்டியோடு வந்தார். அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. என் கையெழுத்து.

"இத நீங்க வாங்காமலே விட்டுட்டீங்க. நான் கிழிச்சுப் போட்டிருக்கலாம். ஆனா ஒருத்தர் சீட்ட அவிய முன்னாலதான கிழிக்கணும்? அதான் வச்சிருந்தேன். யாருட்டயும் காட்டல சார்."

சீட்டை என் கையில் கொடுத்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"அப்ப ஒரு வருசத்துக்கு மேலயே வச்சிருந்திருக்கேன்லா. சரி, குடுங்க, வாங்கிக்கிடுதேன்."

உளுந்தை ஒரு டப்பாவில் கொட்டி, பையை உதறி மடித்துக் கொடுத்தார். நான் சீட்டைக் கிழித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை வந்து, பைக்கை எடுக்கும்போது கேட்டார்.

"அப்பவே மாத்திட்டீங்கல்ல சார்?"

"மாத்தியாச்சுக்கா" என்றேன்.

மாற்றவில்லை. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லோரும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும் என்பது எங்கள் கொள்கை. மாற்றாதவரை சாஃப்ட்வேர் உள்ளே விடாது. அட்மினுக்கு மட்டும் விலக்கு. அதை மாற்றினால் கேட் மெஷின், பேக்கப் எல்லாவற்றிலும் போய் மாற்ற வேண்டுமே என்று நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட விலக்கு. நாங்கள் பஞ்சுக்குள் தள்ளிய ஒரு பெண்ணின் மருந்துப் பெட்டியில் மில்லின் பெரிய சாவி ஒரு வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. ஒரு நாள் கோபத்தில் அவர் அதை எடுத்திருந்தால் மில்லே நின்றிருக்கும். அவர் செய்த ஒரே காரியம், பத்திரமாக வைத்ததுதான்.

திங்கட்கிழமை காலையில் போய், கிழித்த சீட்டில் இருந்த அதே எழுத்துகளை அடித்தேன். திறந்தது. முதல் வேலையாக அதை மாற்றினேன். கேட் மெஷின், பேக்கப் எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்தான் ஆயிற்று. அதன் பிறகு அந்தச் சம்பவ அறிக்கையைத் திறந்தேன். சம்பந்தப்பட்டவர் என்ற கட்டத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அதைத் திருத்தும் உரிமை மில்லில் ஒரே ஒரு லாகினுக்குத்தான் உண்டு. அந்த லாகினில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.